மூன்று விலைமனுவும் ஒரு சிவப்புப் பொத்தானும்

சாஹுல் ஹமீது சேர் கோட்டக் கல்விப் பணிப்பாளர் பதவியிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. இது திணைக்களத்துக்குத் தெரியும், ஓய்வூதியக் காரியாலயத்துக்குத் தெரியும், கட்டுகஸ்தோட்டையில் மீன் விற்பவருக்கும் தெரியும். சேருக்கு மட்டும் இன்னும் யாரும் எழுத்து மூலம் அறிவிக்கவில்லை போலிருந்தது. மாவில்மடை வீட்டில் குழாய் ஒழுகினால் அவர் அதைப் 'பார்வையிட'ப் போவார். பார்வையிட்டு வந்து குறிப்பு எழுதுவார். குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். கடைசியில் அவர் மனைவி சித்தி றலியா ஒரு துணிக்கீற்றைச் சுற்றி இறுக்கிவிடுவாள்.

ஆகையால், டீவீயில் வருவதைப் பதிந்து வைக்கிற மெஷின் ஒன்று வேண்டுமென்று வாய்திறந்த அன்றைக்கே இது எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியத்தான் செய்தது. ஆனாலும் கேட்டாள்.

விஷயம் இதுதான். கொழும்பில் ஒரு தொலைக்காட்சியின் சமையல் நிகழ்ச்சிக்கு றலியாவைக் கூப்பிட்டுப் படம் பிடித்திருந்தார்கள். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்தவள் அவள். அவளிடம் படித்த பிள்ளை ஒருத்தி அங்கே வேலையில் இருந்தாள். றலியா சமைத்தது பாபத் கறி. ஆட்டுக் குடலை நாடு முழுக்கக் காட்டுவது தன் பதவிக்கு ஏற்றதல்ல என்று சேர் ஒரு புடிங்கைச் சிபாரிசு செய்து பார்த்தார். அவள் கேட்கவில்லை. நிகழ்ச்சி மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரே ஒரு தரம் போகும். இணையத்தில் போடுவதில்லை, பிரதி கொடுப்பதுமில்லை என்று அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சொல்லியிருந்தாள்.

வீட்டு அலுமாரியில் இரண்டு தட்டு நிறைய கசெட்டும் சீடியும் இருந்தன. சேர் பரிசு வழங்குகிறார், சேர் அடிக்கல் நாட்டுகிறார், சேர் பேசுகிறார், சேர் இன்னும் பேசுகிறார். முப்பத்து நாலு வருஷ மணவாழ்க்கையில் அந்தப் படங்களில் றலியா தெரிவது ஒரேயொரு இடத்தில்தான். அதுவும் முன்வரிசையில் அவளுடைய முக்காட்டின் பின்பக்கம். தன் முகம் வருகிற இந்த இருபத்திரண்டு நிமிஷத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், நினைத்த நேரம் போட்டுப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"பதிஞ்சி வெக்க மெஷின் ஈக்காம். நல்லதா ஒண்டு வாங்கித் தாங்கொ," என்றாள்.

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வாங்குறதில்ல றலியா, கொள்வனவு செய்யிற. அதுக்கு ஒரு முறை ஈக்கி."

அந்த முறை அவளுக்கு மனப்பாடம். மூன்று கடையில் எழுத்து மூலம் விலைமனு, ஒரு தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு, கூட்டக் குறிப்பு, பிறகு அங்கீகாரம். அங்கீகாரம் கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே கதிரையில் இருப்பார்கள் என்பதால் அது மட்டும் விரைவாக நடக்கும். குழுவுக்குத் தலைவர் சேர். உறுப்பினர் பக்கத்து வீட்டு கிறகரி. கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர், மாலை ஐந்து மணிக்கு எந்தக் குழுவுக்கும் ஆயத்தமானவர். செயலாளர் றலியா. செயலாளரின் கடமை தேத்தண்ணி.

முதலாவது கூட்டத்தில் கிறகரி ஒரு யோசனை சொன்னார். "சார், எதுக்கு இவ்வளவு கஷ்டம்? டீவீக்கு முன்னால போன வச்சுப் புடிச்சா ஆச்சு."

"மிஸ்டர் கிறகரி, டீவீல பாபத் ஆவி பறக்கும். ஒங்கட போன்ல பதியிறது டீவீக் கண்ணாடில தெரியிற ஒங்கட முகம்."

"அப்ப வேணாம் சார்," என்று கிறகரி இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தார். கூட்டம் ஏகமனதாக முடிந்தது.

அதற்குப் பிறகு சேர் நாலு பக்கத்தில் விவரக்குறிப்பு ஒன்று தயாரித்தார். கருவி உயர் தெளிவுடையதாகவும், உறுதியானதாகவும், பார்வைக்குக் கண்ணியமானதாகவும் இருத்தல் வேண்டும் என்று அதில் இருந்தது. அதைக் கோப்பில் போட்டுக்கொண்டு, டையும் கட்டிக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு கண்டி டவுனுக்குப் போனார்.

கொழும்பு வீதியில் முதல் கடைக்காரர் நாலு பக்கத்தையும் மரியாதையாகப் புரட்டிவிட்டு, சுவரில் மாட்டுகிற கமெராக்களோடு ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கி வைத்தார். "இதான் சேர் எல்லாரும் கொண்டு போறது. கேட்டுல ஒரு கமெரா, குசினில ஒண்டு. கள்ளன் வந்தா முகம் அப்பிடியே பதியும்."

"கள்ளன் இல்ல, என்ட மனைவி," என்றார் சேர்.

கடைக்காரர் றலியாவைப் பார்த்தார். றலியா கூரையைப் பார்த்தாள். ஆனாலும் சேர் விலைமனுவை வாங்காமல் வெளியே வரவில்லை. மூன்று என்றால் மூன்று.

இரண்டாவது, டிஷ் கொம்பனி ஏஜண்டின் கடை. அவர்களுடைய பெட்டி ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசையைப் பதியும், ஓடுகிற படத்தை நிறுத்தி வைக்கும், பின்னாலும் ஓட்டும். சேர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, தனக்கு முன்பே தெரிந்ததுபோல 'சரி, சரி' என்று குறித்துக்கொண்டார்.

றலியா ஒன்றுதான் கேட்டாள். "மாசக் காசு கட்டாம உட்டா, பதிஞ்சி வெச்சதெல்லாம் என்னாகும் தம்பி?"

"பெட்டிக்குள்ளதான் இரிக்கும் மெடம். தொறக்க ஏலா."

"அப்ப அது ஒங்கட. எங்கட இல்ல," என்றாள் அவள்.

"செயலாளர் கேள்வி கேக்கிற வழக்கம் இல்ல," என்று சேர் வெளியே வந்ததும் தணிந்த குரலில் நினைவூட்டினார்.

மூன்றாவது கடை யட்டிநுவர வீதியில், நபீல் என்பவருடையது. நபீல் விவரக்குறிப்பை வாசிக்கவில்லை. "எத்தின மணித்தியாலம் பதியணும்?" என்றார்.

"இருவத்திரண்டு நிமிஷம்," என்றாள் றலியா.

"ஒரு டெராபைட்டுக்குக் குறையாமல்," என்றார் சேர்.

நபீல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு டெராபைட்டுல சேர்ட பேச்செல்லாம் போட்டாலும் இடம் மிஞ்சும்," என்றார். அவர் சேரின் கூட்டம் ஒன்றுக்கு முன்னொரு காலத்தில் ஒலிபெருக்கி கட்டியவர். சேர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

நபீல் காட்டிய பெட்டி உள்ளங்கை அகலம்தான். டிஷ் பெட்டியிலிருந்து வருகிற வயரை இதற்குள் விட்டு, இதிலிருந்து டீவீக்கு எடுக்க வேண்டும். பதிந்தது தனி டிஸ்க்கில் இருக்கும், கழற்றி யார் வீட்டு டீவீயிலும் போடலாம். டீவீயில் சத்தத்தை அமர்த்தி வைத்தாலும் பதிவில் சத்தம் முழுசாக இருக்கும். றிமோட்டில் சிவப்புப் பொத்தான். "ஒருக்கா அமத்தினா பதியும். திரும்ப அமத்தினா நிண்டு போகும். வேற ஒரு மந்திரமும் இல்ல உம்மா."

"இது போதும்," என்றாள் றலியா.

"மதிப்பீட்டுக் குழு தீர்மானிக்கும்," என்றார் சேர்.

குழு தீர்மானிக்கத்தான் செய்தது. அதற்குள் நபீலின் விலைமனுவில் கடை முத்திரை இல்லையென்று ஒரு கிழமை போனது. முத்திரை வந்தபோது திகதி இல்லை. ஹேவாஹெட்டையில் மகள் வீட்டுக்குப் போன கிறகரி திரும்பி வரும்வரை குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, அதாவது கோரம், இல்லையென்று நாலு நாள். எல்லாம் முடிந்து நபீல் பெட்டியைக் கொண்டுவந்து பூட்டியபோது சனிக்கிழமை அஸர் தொழுகை நேரம் ஆகியிருந்தது. நிகழ்ச்சிக்கு இன்னும் ஓர் இரவு இருந்தது.

"நேரத்தப் போட்டு வெக்கிறன் சேர். நாளைக்குப் பத்து மணிக்குத் தானாப் பதியும்," என்றார் நபீல்.

"தானாப் பதிஞ்சா ஜவாஹிர் ஹாஜியார் என்னத்துக்கு?" என்றார் சேர்.

இப்படித்தான் திறப்பு விழாவைப் பற்றி றலியாவுக்குத் தெரிய வந்தது. ஜவாஹிர் ஹாஜியார் பிரதேச சபையில் ஒரு தவணை உறுப்பினராக இருந்தவர். அதற்குப் பிறகு எங்கே ரிப்பன் கட்டினாலும் வெட்டுபவர். பத்து மணிக்கு ஹாஜியார் பிரதம அதிதியாக எழுந்தருளி, பொத்தானை அழுத்தி, கருவியை ஆரம்பித்து வைப்பார். வரவேற்புரை சேர். நன்றியுரையும் சேர்.

"இஞ்ச பாருங்கொ," என்றாள் றலியா. "ஹாஜியார் நேரத்துக்கு வராட்டி?"

"பிரதம அதிதி வர முந்தி மெஷின ஓட்டினா அது அவருக்கு அவமரியாதை. எந்த நிருவாகத்திலயும் அப்பிடி நடக்கிறல்ல."

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு மண்டபத்தில், அதாவது முன்னறையில், பன்னிரண்டு கதிரை நிறைந்திருந்தது. டீவீக்கு முன்னால் ரோஜா நிற ரிப்பன். ஸ்டூலில் ஒரு வெள்ளித் தட்டு, தட்டில் றிமோட், அதன் மேல் பூப்போட்ட கைக்குட்டை. பத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் ஹாஜியாரிடமிருந்து அழைப்பு வந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நிற்கிறாராம். ஐந்து நிமிஷமாம்.

பாலத்தடி வாகன நெரிசலில் ஐந்து நிமிஷம் எவ்வளவுக்கு இழுபடும் என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். சேருக்கும் தெரியும். அவர் டீவீயின் சத்தத்தை முற்றாக அமர்த்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஐந்து தாளை எடுத்து, "பெருமதிப்புக்குரிய சபையோர்களே," என்று தொடங்கினார்.

பொரித்த பெட்டிஸ் பலகாரத் தட்டோடு குசினி வாசலில் நின்ற றலியா திரையைப் பார்த்தாள். நிகழ்ச்சியின் பெயர் பூக்கள் சிதற வந்துகொண்டிருந்தது. அடுத்து அவள் வருவாள். வந்து, ஊமையாக, தன் கணவனுடைய வரவேற்புரைக்குப் பின்னால் நின்று கறி கிளறுவாள். பதிவுப் பெட்டி விளக்கேதும் இல்லாமல் செத்துக் கிடந்தது.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் முப்பத்து நாலு வருஷத்துப் பழக்கம் காலைப் பிடித்திருக்கும். நேரே ஸ்டூலண்டை போய், பெட்டிஸ் தட்டை வைக்க இடம் செய்பவள்போலக் குனிந்து, கைக்குட்டைக்குள் கையை விட்டு றிமோட்டை எடுத்துச் சிவப்புப் பொத்தானை ஒருக்கா அமத்தினாள். பெட்டியில் ஒரு சின்னச் செவ்விளக்கு எரிந்தது. விளக்கை மறைத்துப் பெட்டிஸ் தட்டை வைத்தாள்.

அப்போதுதான் அடுத்த ஆபத்து அவளுக்கு உறைத்தது. ஹாஜியார் வந்து இதே பொத்தானை அமத்தினால் எல்லாம் நின்றுவிடும். ஜன்னல் திண்டில் மின்விசிறியின் றிமோட் கிடந்தது. அதை எடுத்துக் கைக்குட்டைக்கடியில் வைத்துவிட்டு, அசலை முக்காட்டு மடிப்புக்குள் போட்டுக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது கிறகரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மதிப்பீட்டுக் குழுவின் ஒரே உறுப்பினர். அவர் மெல்ல எழுந்து வந்து, ஒரு பெட்டிஸ் எடுத்துக்கொண்டு, "நல்ல சூடா இருக்குங்க டீச்சர்," என்று சொல்லி, தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

சேர் இரண்டாம் தாளில், தகவல் தொழில்நுட்பத்துக்கும் ஒழுக்கத்துக்கும் உள்ள உறவில் நின்றபோது ஹாஜியார் வந்து சேர்ந்தார். மணி பத்து ஒன்பது. எல்லாரும் எழுந்தார்கள். ரிப்பன் வெட்டப்பட்டது. கைக்குட்டை விலக்கப்பட்டது. ஹாஜியார் கையில் கிடைத்ததை எதுவென்று பார்க்கிற வழக்கமுள்ளவர் அல்லர். பிஸ்மி சொல்லி, டீவீயை நோக்கி நீட்டி, அகப்பட்ட பொத்தானை ஓங்கி அமத்தினார்.

கூரையில் மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றது. சேரின் கையிலிருந்த தாள்களில் மூன்று பறந்து, ஒன்று ஹாஜியாரின் தொப்பியில் ஒட்டியது.

"காத்தும் வருதே," என்றார் ஹாஜியார், மேலே பார்த்து.

அறை சேரின் முகத்தைப் பார்த்தது. அவர் தனக்குத் தெரியாது என்று தன் சேவைக் காலத்தில் ஒருநாளும் சொன்னவர் அல்லர். "உயர் தெளிவுக் கருவி சூடாகும் ஹாஜியார். அதனால குளிரூட்டலும் சேந்து இயங்குது. விவரக்குறிப்பில மூணாம் பக்கம்."

"அதான் பாத்தன். இப்பதான் படம் தெளிவா ஈக்கி," என்றார் ஹாஜியார். உடனே பலருக்கும் அப்படியே பட்டது. முன்பு மங்கலாக இருந்தது என்று ஒருவர் சொன்னார். ஆவி கூடத் தெரிகிறது என்றார் இன்னொருவர். கைதட்டல் எழுந்தது.

மிச்சப் பேச்சைத் தேடிச் சேர் சோபாவுக்குக் கீழே குனிந்த நேரத்தில் றலியா டீவீயின் சத்தத்தைக் கூட்டினாள். "பாபத்த சுடுதண்ணீல போட்டுக் கத்தியால வழிச்சி எடுக்கணும். இதுல அவசரப்பட ஏலா," என்று அவளுடைய குரல் அறை நிறைய வந்தது. ஹாஜியாருக்கென்று போட்டிருந்த துணிவிரித்த கதிரை காலியாக இருந்தது. றலியா அதில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள். நன்றியுரை நடக்கவில்லை. பாபத் எந்தக் கடையில் நல்லது என்று ஹாஜியார் கேட்கத் தொடங்கிவிட்டார், அதற்கு மேல் யார் நன்றி சொல்வது.

எல்லாரும் போன பிறகு, ளுஹர் தொழுகைக்கு முன்னால், பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். பூக்கள் சிதறப் பெயர் வந்தது. பாட்டு வந்தது. திரையில் ஏப்ரன் கட்டிய றலியா ஸலாம் சொன்னாள். கன்னத்து மரு வரைக்கும் தெளிவு.

சேர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஹாஜியார் அமத்தினது பத்து ஒம்பதுக்கு. இதுல ஆரம்பத்திலயிருந்து ஈக்கே?"

றலியா சத்தத்தை இன்னும் ஒரு படி கூட்டினாள்.

அவர் பெட்டியைக் குனிந்து பார்வையிட்டார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. "பாத்தியா றலியா? அமத்த முந்தி வந்ததையும் புடிச்சி ஈக்கி. சும்மா கடைக்குப் போய்க் கண்டத வாங்கியிருந்தா இது நடக்குமா? மூணு விலைமனு எடுத்ததால வந்த பலன் இது. இத நான் கூட்டக் குறிப்பில..."

"எழுதுங்கொ," என்றாள் றலியா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப கொஞ்சம் பேசாம இரிங்கொ. நான் கதைக்கிறன்."