தெரியாதது பாதியல்ல

காணாமல் போனவர்களை எங்கே முதலில் தேடுவது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் கணினி நிரலை எழுதியவள் நான். அன்று மத்தியானம் காணாமல் போனவர் என் அக்காவின் கணவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தலையில் அடிபட்டதிலிருந்து ஞாபகம் வந்து வந்து போகும்.

அவர் போகக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று பழைய பஸ் பணிமனை, மற்றது ஏரி. இரண்டும் எதிரெதிர்த் திசையில். மோப்ப நாயோ ஒன்றே ஒன்று. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மழை பெய்தால் மோப்பம் போய்விடும்.

நிரல் வீட்டாரிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்றுக்கு யாராவது "தெரியல" என்றால், முன்பிருந்த பழைய நிரல் அதைப் பாதிக்குப் பாதி என்று எடுத்துக்கொள்ளும். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். ஒன்றுமே தெரியாததும், சரிபாதி என்று தெரிந்திருப்பதும் ஒன்றா? அதனால் மாற்றி எழுதினேன். தெரியாததற்கு இனி ஒற்றை எண் கிடையாது. குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு. அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"ஏரிக்கு என்ன வந்திருக்கு?" என்றார் தேடும் குழுவின் தலைவர்.

"பத்துக்கு ரெண்டுலேருந்து ஒன்பது வரைக்கும்."

"பணிமனைக்கு?"

"ஒண்ணுலேருந்து எட்டு."

"இதுக்கு ஜோசியக்காரனே தேவலாம்மா. நாயை எந்தப் பக்கம் அனுப்ப?"

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. பழைய நிரலாவது பொய்யாக ஒரு பக்கம் கை காட்டியிருக்கும். எதனால் இவ்வளவு அகலம் என்று பதில்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது: கிளம்பும்போது எப்படி இருந்தார்? அக்கா "தெரியல" என்று சொல்லியிருந்தாள்.

"அக்கா, மாமா கிளம்பும்போது நீ வீட்லதானே இருந்தே?"

"தெரியும்டி. சொல்லத்தான் வாய் வரல. மூணாவது தடவையா அடுப்பை அணைக்காம விட்டுட்டாரு. நீங்க இல்லாம இருந்தா நிம்மதியா இருப்பேன்னு சொல்லிட்டேன். ஒண்ணும் பேசாம செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு."

பழக்கத்தில் போகிறவர்கள் பழைய வேலையிடத்துக்குப் போவார்கள். மனசு உடைந்து போகிறவர்கள் ஆளில்லாத இடத்துக்கு. பதிலை மாற்றினேன். ஏரியின் எண்கள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நெருங்கி வந்தன. அதுவரை இருந்த குழப்பமே தேவலாம் என்றிருந்தது எனக்கு.

"ஏரிக்கு" என்றேன்.

அக்கா எதிரே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆறுதல் சொல்லவும் தெரியவில்லை, திட்டவும் மனசு வரவில்லை. முதல் தூறல் விழுந்தபோது தலைவர் போன் செய்தார். அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"இருக்காரும்மா. கரையில உக்காந்திருக்காரு, நல்லாத்தான் இருக்காரு. கூப்பிட்டா எழுந்திருக்க மாட்டேங்குறாரு. தேடச் சொன்னது வீட்டு ஆளுங்களா, இல்ல போலீஸான்னு கேக்குறாரு. என்ன சொல்லட்டும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.