ஏழாவது தீர்மானம்

எங்கள் மாணவர் சங்கத்தில் உறுப்பினர்கள் ஒன்பதாயிரம் பேர். பொதுக்கூட்டத்துக்கு வருவது பத்துப் பன்னிரண்டு பேர். அதிலும் பாதி மழைக்கு ஒதுங்கியவர்கள். நான் செயலாளர். வேறு யாரும் போட்டியிடாததால் ஜெயித்தவள்.

இந்த முறை லோசாவுக்காகவாவது கூட்டம் கூடியாக வேண்டும். சமோவாக்காரி, நர்சிங் மாணவி, கையில் இரண்டு வயது மகள். வளாகத்துக் குழந்தைகள் காப்பகத்தை இழுத்து மூடப்போகிறார்கள். மூடினால் அவள் படிப்பும் அதோடு சரி. நூற்றைம்பது பேர் கூடித் தீர்மானம் போட்டால் மூடக்கூடாது என்பது விதி.

சங்கத் தலைவன் ஹேமிஷ் மாணவர் ஈடுபாட்டை வளர்க்க ஒரு குழு போட்டான். குழு மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொண்டு, ஆஸ்திரேலியாவில் சின்னக் குழந்தையும் சொல்லியிருக்கும் முடிவுக்கு வந்தது: தேர்தலன்று ஓட்டுச்சாவடி வாசலில் சாசேஜ் என்னும் இறைச்சிக் குழலைச் சுடுவதுபோல் இங்கேயும் சுடலாம், இலவசமாக.

புல்வெளியில் வெங்காயம் வதங்கும் வாசனை கிளம்பியதும் பெரிய வரிசை நின்றது. என்ன கூட்டம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹேமிஷ் மைக்கைப் பிடித்தான். முதலில் மாணவர் ஈடுபாடு பற்றி அவன் உரை, இருபது பக்கம். காப்பகத் தீர்மானம் ஏழாவது. வாங்கியவர்கள் ரொட்டியில் சாசேஜைச் சுருட்டிக்கொண்டு நழுவத் தொடங்கினார்கள். இடுக்கியோடு அடுப்பருகே நின்ற லோசா அதைப் பார்த்தாள். கேஸை அணைத்துவிட்டாள்.

"என்னக்கா, கேஸ் தீந்துபோச்சா?" என்றான் வரிசையில் முதலில் நின்றவன்.

"தீரலடா. நாந்தான் அணைச்சேன். ஏழாவது தீர்மானம் முடிஞ்சாதான் பத்தவைப்பேன்."

"அது எப்ப வரும்?"

"அதோ பேசுறாரே தலைவர், அவரையே கேளு."

வரிசை மொத்தமும் மேடைப் பக்கம் திரும்பியது.

"டேய் ஹேமிஷ், ஏழாவத எடுடா! பசி உயிர் போகுது!"

மாணவர்கள் தாங்களாகவே ஒரு தீர்மானத்தைக் கேட்டது சங்க வரலாற்றில் அன்றுதான்.

"முறைப்படி ஒண்ணாவது முடிஞ்சுதான்..."

"உன் முறையத் தின்னா வயிறு நிறையுமா?"

ஹேமிஷ் வேறு வழியில்லாமல் ஏழாவதை எடுத்தான். கைகள் உயர்ந்தன. எதிர்ப்பு ஒன்றே ஒன்று, சைவக்காரி ஒருத்தி. "உனக்கு வெங்காயம் மட்டும் தரேன்டி" என்று லோசா சொன்னதும் அவளும் கை தூக்கினாள். நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது என்று நான் அறிவித்ததும் லோசா அடுப்பைப் பற்றவைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாரும் தின்றுவிட்டுப் போனார்கள். ஹேமிஷ் விட்ட இடத்திலிருந்து உரையைத் தொடர்ந்தான். லோசா ஏப்ரனைக் கழற்றினாள்.

"எங்க கிளம்பிட்ட? இன்னும் முடியல."

"காப்பகம் மூடுற நேரமாச்சு தலைவரே. புள்ளையக் கூப்பிடணும்."

அவள் ஓடினாள். குறிப்பெடுக்க வேண்டிய பாவத்துக்கு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். மாணவர்களின் ஆர்வம் நாளுக்கு நாள் பெருகிவருவதாக ஹேமிஷ் வாசித்துக்கொண்டிருந்தான்.