கோடு போட்ட பத்தி

திரையில் இரண்டாம் பக்கம் விரிந்ததும் ஐரீன் ஆண்டி என் தோளைப் பிடித்துக்கொண்டார். "வச்சிட்டானா? குணவதி, என் பிள்ள வச்சிட்டானா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கணவர் இராயப்பனின் முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு மலர் அச்சடிக்க வேண்டும். வாசகத்தை மகன் டெரிக் முதல்நாளே அனுப்பியிருந்தான். எங்கள் அச்சுக் கடைக்கு வரும் கோப்புகள் எல்லாம் சீனப் புத்தாண்டுக் கடைத்தெரு மாதிரி இருக்கும். சிவப்பு, தங்கம், நிழல் விழும் எழுத்து. அப்படியே பக்க லேஅவுட்டுக்குள் இழுத்தால் பக்கம் பேயாட்டம் ஆடும். அதனால் எது வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு முதலில் பிளைன் டெக்ஸ்ட்டாகச் சேமித்துவிடுவேன். அலங்காரம் அத்தனையும் உதிர்ந்து வெறும் எழுத்து மிஞ்சும். அதைப் பக்கத்தில் ஊற்றினால் சொன்னபடி கேட்கும்.

ஆண்டி திரையில் விரலை வைத்து வாய்விட்டு வாசித்தார். "அன்பு மகள் வனேசா, அப்பாவின் செல்லம். மழை பெய்தால் பள்ளிக்கூட வாசலில் அவளுக்காகக் குடையோடு நிற்பார்."

வனேசா வீட்டுக்குப் பிடிக்காத ஒருவனைக் கட்டிக்கொண்டு பத்து காவானில் இருக்கிறாள். கடற்பாலத்தைத் தாண்டினால் அவள் வீடு. அப்பா இறந்ததைக்கூட டெரிக் அவளுக்குச் சொல்ல விடவில்லை என்று கேள்வி.

"நான் சொல்லச் சொல்ல அவன்தான் டைப் பண்ணான். அப்புறம் செகப்பு கோடு போட்டு அடிச்சிட்டான். இப்ப பாரு, மனசு மாறிட்டான்லா. அவளுக்கு ஒரு புக் நானே கொண்டுபோய்க் குடுப்பேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிளைன் டெக்ஸ்ட்டுக்குச் சிவப்பும் தெரியாது, குறுக்கே இழுத்த கோடும் தெரியாது. அடித்ததும் அடிக்காததும் அதற்கு ஒன்றுதான். மாற்றும் முன் நான் கோப்பை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்திருக்கலாம். அதை இந்த முகத்திடம் எப்படிச் சொல்வது?

டெரிக் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். திரையைப் பார்த்ததும் முகம் இறுகியது. "அக்கா, அது வேணாம்னுதானே கோடு போட்டேன்? சித்தப்பாவும் பாத்து ஓகே சொல்லட்டும்னுதான் அழிக்காம விட்டேன்."

ஆண்டியின் கை என் தோளிலிருந்து இறங்கியது. விரல் மட்டும் திரையிலேயே இருந்தது. "இருந்துட்டுப் போகட்டும்டா. அப்பாவுக்காக."

"மம்மி, அவ பேரு வந்தா நான் பூசைக்கே வரமாட்டேன்."

"சரி, பேரு வேணாம்." ஆண்டி என் பக்கம் திரும்பினார். "அந்த எடத்த மட்டும் காலியா விட்டுடும்மா."

"காலியா இருந்தா ஏன்னு கேப்பாங்க. அழிங்கக்கா."

அவன் மேல் ஆத்திரமாக வந்தது. என் மேல் அதைவிட. ஆனாலும் மலருக்கு ஆர்டர் கொடுத்தவன் அவன். பத்தியைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். இந்த மென்பொருளில் எங்கே வெட்டினாலும் கீழே இருப்பது தானாக மேலேறி வந்து நிரப்பிக்கொள்ளும்.

ஆண்டி விரலை எடுக்கவில்லை. அதன் கீழே, 'பூசைக்குப் பின் மண்டபத்தில் மதிய உணவு உண்டு, அனைவரும் வருக' என்ற வரி வந்து நின்றது.