இரண்டாம் மெஷின் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

"யு ஆர் பார்ன் டு கிளைம்ப்" என்றது அன்றைய காலண்டர் தாள். ஏறுவதற்கென்றே பிறந்தவளாம் நான். காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் ஏறுவதற்கே ஒருத்தர் முழங்கையையும் இன்னொருத்தர் பையையும் தாண்ட வேண்டியிருக்கிறது. இதை எழுதினவன் அந்த பஸ்ஸில் வந்திருக்க மாட்டான்.

அந்த தினசரிக் காலண்டரைக் கொடுத்தது என் நாத்தனார். ஒரு நாளுக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு இங்கிலீஷ் பொன்மொழி, பின்னால் சூரியன் உதிக்கும் அல்லது அருவி கொட்டும். "தினம் ஒண்ணு மனப்பாடம் பண்ணுங்க அண்ணி. வருஷக் கடைசியில என்கிட்ட இங்கிலீஷ்லயே சண்டை போடுவீங்க" என்றாள். அவளோடு சண்டை போட எனக்குத் தமிழே போதும். ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் எனக்குப் பதினோரு வருடம். இரண்டாம் நம்பர் மெஷின் என் பொறுப்பு. வார்டிலிருந்து வரும் சிவப்புப் பைகள் எல்லாம் அதற்குத்தான். சிவப்புப் பை என்றால் தொற்றுள்ள துணி. கையால் பிரிக்கக் கூடாது, பையோடு அப்படியே உள்ளே போட வேண்டும். எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஓய்வு பெறப் போகிறார், அந்த இடம் எனக்கு வர வேண்டியது. இதில் அடக்கம் காட்ட எனக்கு ஒன்றுமில்லை. நடுவில் நின்றது, இன்சார்ஜ் எடுத்துப் பேச வேண்டிய, சுவரில் மாட்டிய போன்தான். வார்டு நர்ஸ்கள் திசைக்கு ஒருவராக வந்தவர்கள். ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குப் புரியாது, அதனால் போன் என்றால் இங்கிலீஷ்.

நான்கு மாதம் தாள் கிழித்தேன். அடுப்பு முன்னால் நின்று "பிலீவ் இன் யுவர்செல்ஃப்" என்று முணுமுணுப்பேன். "யாரைத் திட்டுற?" என்று கேட்பார் என் வீட்டுக்காரர். "என்னைத்தான்" என்பேன்.

ஒருநாள் இன்சார்ஜ் வெளியே போயிருந்தபோது போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். ஒரு நர்ஸ் கடகடவென்று பேசினாள். பெட்ஷீட் எப்போது வரும் என்கிறாள் என்பது வரைக்கும் புரிந்துவிட்டது. கைவசம் நூற்றிருபது பொன்மொழி. ஒன்றில்கூட பெட்ஷீட் இல்லை. கடைசியில் வாயில் வந்தது இதுதான்: "குட் திங்ஸ் டேக் டைம், சிஸ்டர்."

அவள் படக்கென்று போனை வைத்துவிட்டாள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எத்தனை தடவை பிறருக்குச் சொல்லியிருப்பேன்! சேர்த்து வைத்த தாள்களையும் மிச்சக் காலண்டரையும் மடிப்பு மேசைக்குப் பக்கத்துக் குப்பைத் தொட்டியில் வீசினேன். வீசிய கோபத்தில் மெஷினை முறைத்தபடி நின்றேன். அதன் முகப்பில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. "ஓவர்லோட்." பதினோரு வருடமாக அந்த எழுத்து வந்தால் இரண்டு பையை எடுத்துவிடுவேன். அதை ஒரு படமாகத்தான் பார்த்திருக்கிறேன், வாய்விட்டுப் படித்ததில்லை. அன்று படித்தேன். அடுத்தது வந்தது: "ரிமூவ் சம் லோட்."

அன்றிலிருந்து அது சொல்வதையெல்லாம் நானும் சொன்னேன். சோப்புக் கேனில் "டு நாட் மிக்ஸ்". கதவில் "வெயிட்". புரியாததை ரிப்பேர்காரரிடம் கேட்டேன். பைகளை எண்ணுவதும் இங்கிலீஷில்தான். "ரெண்டாம் மெஷினோட குடும்பமே நடத்துறா" என்று கேலி செய்தார்கள். நடத்தினால் நடத்திவிட்டுப் போகிறேன், அது பாதிப் பேச்சில் போனை வைக்காது.

இன்சார்ஜ் இடத்துக்கான நேர்காணலுக்கு நானும் மடிப்பும் போனோம். மடிப்பு என்பது துணி மடிக்கும் மேசையில் இருப்பவளுக்கு நாங்கள் வைத்த பெயர். பஸ் டிக்கெட்டைக்கூட நாலாக மடித்துத்தான் வைப்பாள். நல்லவள்தான். சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது.

அதிகாரி மெஷினைப் பற்றிக் கேட்பார், போனைப் பற்றிக் கேட்பார் என்று தயாராகப் போனேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"ஹியர்" என்றேன். "மெஷின் நம்பர் டூ."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

இடம் மடிப்புக்குப் போனது. கழுத்தில் இன்சார்ஜ் அட்டையோடு வந்தவளிடம், "அப்படி என்னதான் சொன்ன?" என்று கேட்டேன்.

"எவ்ரி டே இஸ் எ நியூ பிகினிங்னு சொன்னேன் அக்கா. அப்புறம் அந்த பார்ன் டு கிளைம்ப்." குரல் இறங்கியது. "நீங்க தூக்கிப் போட்ட தாளுங்கதான். சும்மா குப்பைக்குப் போகுதேன்னு எடுத்து வச்சேன்."

வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், எரிந்தது. என் குப்பைத் தொட்டியே எனக்குப் போட்டியாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு என் மெஷின் கடமுடவென்று கத்திவிட்டு நின்றது. சத்தத்திலேயே தெரிந்தது, சிவப்புப் பைக்குள் யாரோ கத்தரிக்கோலைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதே நேரம் போன் அடித்தது. மடிப்பு எடுத்து அழகாக "குட் மார்னிங்" சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு கொட்டியது. "எவ்ரி..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். ரிசீவரை என் பக்கம் நீட்டினாள்.

"ஆபரேஷன் தியேட்டர் அக்கா. ஏதோ அவசரமாம். ஒண்ணுமே புரியல."

உன் நாற்காலி, உன் போன், நீயே பேசு என்று நாக்கின் நுனி வரை வந்தது. சொல்லியிருப்பேன். ஆனால் அங்கே மேசையில் ஒரு உயிர் படுத்திருக்கும், அதற்கும் என் கோபத்துக்கும் என்ன சம்பந்தம்? பிடுங்கிக் காதில் வைத்தேன். தியேட்டருக்கு வர வேண்டிய பச்சை ஷீட் எங்கே என்று கேட்டது புரிந்துவிட்டது.

"மெஷின் டூ ஸ்டாப். சிசர் இன் ரெட் பேக். டு நாட் செண்ட் ரெட் பேக். கிரீன் ஷீட், மெஷின் த்ரீ. வெயிட். ட்வென்டி மினிட்ஸ்."

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: "ஓகே. ட்வென்டி மினிட்ஸ். தேங்க் யு." பிறகு கேட்டது: "ஆர் யு தி இன்சார்ஜ்?"

இது எனக்கு நன்றாகவே புரிந்தது. மடிப்பு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோ" என்றேன். "வெயிட்."

போனை வைத்தேன். மடிப்பு கழுத்து அட்டையை நாலாக மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் அட்டை, மடியவில்லை.

"பச்சை ஷீட் மேல தியேட்டருக்குப் போனதும் என்கூட அதிகாரி ரூமுக்கு வர்ற" என்றேன். "இப்ப போன்ல பேசினது யாருன்னு அவர்கிட்ட சொல்ற."

"எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் வராதே அக்கா."

"உனக்கு வர்ற மொழியில சொல்லு. உண்மையைச் சொல்லு, அது போதும்."