பன்னெண்டு சடையில மூணு

வீட்ல அவளுக்குப் பேரு புலி. துப்பறியும் புலிங்கிறதோட சுருக்கம், அண்ணன் வச்சது. சின்ன வயசுல அவனோட சாக்ஸ் காணாமப்போச்சுன்னு பக்கத்து வீட்டு நாய் பின்னாடி மூணு நாள் அலைஞ்சா. சாக்ஸ் இவ கால்லயே இருந்துச்சு. அதை விடுங்க, இப்ப மேட்டர் வேற.

இப்ப புலி ஒரு சங்கத்துக்குச் செயலாளர். கேன்சர் சிகிச்சையில முடி கொட்டிப்போறவங்களுக்கு விக் செஞ்சு சும்மா குடுக்கிற சங்கம். சங்கம்னா ஒரு ரூமு, ரெண்டு நாற்காலி, ஒரு நோட்டு, அவ்வளவுதான். யாரு வேணா முடி குடுக்கலாம். சடையாப் பின்னி, ரெண்டு முனையிலயும் ரப்பர் பேண்ட் போட்டு, வெட்டி, தேதியும் நீளமும் எழுதின சீட்டைக் கட்டிரணும். பேரு மட்டும் எழுதக் கூடாது. அது புலி போட்ட ரூல்.

ஆறு வருஷமா இந்த வெட்டுற வேலையை ஒத்தை ஆளா, காசு வாங்காம செய்யறது பார்லர் அக்கா. ஞாயித்துக்கிழமை தொண்டர்களுக்குப் பாராட்டு விழா. முதல் ஷீல்டு அக்காவுக்குத்தான்னு கமிட்டியில முந்திக்கிட்டுச் சொன்னதே புலிதான். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பேரு அச்சகத்துக்குப் போயாகணும்.

எதுக்கும் ஒரு தடவை சரிபாத்துருவோம்னு விக் தைக்கிறவருக்குப் போன் போட்டா பாருங்க, அங்க ஆரம்பிச்சுது.

"போன மாசம் பன்னெண்டு சடை வந்துச்சுல்ல சார்?"

"ஒன்பதுமா."

"அக்கா நோட்டுல பன்னெண்டுன்னு இருக்கே."

"எனக்கு எண்ணத் தெரியாதுங்கிறியா?" வச்சுட்டார்.

அவர் அனுப்பின ரசீதுல முந்தின மாசத்தைப் புரட்டினா அங்கயும் ரெண்டு குறையுது. நல்ல நீள முடின்னா வாங்கிக்க வெளிய ஆளு அலையுது. மேடையில ஷீல்டைக் குடுத்துட்டு, நாளைக்கு இது வெளிய வந்தா? அப்புறம் எந்தப் பொண்ணு நம்பி முடி குடுப்பா? விக்குக்குக் காத்திருக்கிறது இருபத்தி மூணு பேரு. அவங்க கதி?

செருப்பை மாட்டும்போது அண்ணன் தலையை நீட்டினான். "என்ன புலி, எந்த நாயைப் புடிக்கப் போறே?"

"வாயை மூடுறா."

"கால்ல ஒரு தடவை பாத்துட்டுப் போ."

பார்லர்ல ஈரத் துண்டு வாசனை. ஒரு அம்மா தலை முழுக்க டை பூசிக்கிட்டுக் கண்ணை மூடி உக்காந்திருந்தாங்க. அக்கா கையில பிரஷ்ஷு.

"வாம்மா, உக்காரு."

"போன மாசம் எத்தனை சடை அக்கா?"

"பன்னெண்டு." கண்ணு கூட இமைக்கல.

"எல்லாம் அனுப்பியாச்சா?"

பிரஷ்ஷு ஒரு செகண்டு நின்னுச்சு. "அனுப்பிக்கலாம், அதுக்கென்ன. தண்ணி குடிக்கிறியா?"

கேட்டது ஒண்ணு, வந்த பதில் ஒண்ணு. அக்கா கிண்ணத்தைக் கழுவ உள்ள போனதுதான் தாமதம், புலி கண்ணாடிக்குக் கீழ இருந்த டிராயரை இழுத்தா. துண்டுகளுக்கு அடியில ஒரு சுத்தமான தலகாணி உறை. உறைக்குள்ள மூணு சடை. ஒவ்வொரு சீட்டுலயும் ஒரு பேரு, ஒரு போன் நம்பர்.

பேரு எழுதவே கூடாதே. அப்ப இது வாங்குற ஆளோட பேரு. சொல்லி வச்சு யாவாரம் நடக்குது. புலி இருக்கிறதுலயே நீளமானதை எடுத்து ஹேண்ட்பேக்ல திணிச்சா. ஆதாரம் வேணும்ல.

டிராயரை மூடவும் கதவு தொறக்கவும் சரியா இருந்துச்சு. தலையில ஸ்கார்ஃப் கட்டின ஒரு பொண்ணு. புருவம் கூட இல்ல.

"அக்கா, என்னோடது இன்னும் இருக்கா?" தயங்கித் தயங்கித்தான் கேட்டுச்சு. "திருப்பி வேணாம்கா. குடுத்தது குடுத்ததுதான். ஒரே ஒரு தடவை பாத்துக்கிறேன்."

"வாடா தங்கம், உனக்காகத்தான் வச்சிருக்கேன்." அக்கா உள்ளேர்ந்து வந்து டிராயரைத் தொறந்தாங்க. உறைக்குள்ள கைய விட்டாங்க. ரெண்டு வந்துச்சு. திரும்பவும் விட்டாங்க. ஒண்ணுமில்ல.

"அனுப்பிட்டீங்களா?" அந்தப் பொண்ணு மெதுவா ஸ்டூல்ல உக்காந்துச்சு. "பரவால்லக்கா. நான்தான் லேட்டு."

அக்கா கண்ணு ரூமைச் சுத்தி வந்து புலியோட ஹேண்ட்பேக்ல நின்னுச்சு. ஜிப்பு ஓரமா வெரலளவு சடை எட்டிப் பாத்துக்கிட்டிருந்துச்சு. புலிக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. இப்ப கத்துவாங்க, இதோ கத்தப்போறாங்க.

"அட, மறந்தே போனேன்," அக்கா சாதாரணமாச் சொன்னாங்க. "இவங்கதான் எங்க செயலாளர். பத்திரமா இருக்கட்டும்னு இவங்க கையில குடுத்து வச்சேன். எடுத்துக் குடும்மா."

புலி எடுத்துக் குடுத்தா.

அந்தப் பொண்ணு மடியில வச்சுத் தடவிக்கிட்டே இருந்துச்சு. "எவ்வளவு கனம் பாருங்கக்கா. இதையா தூக்கிட்டு அலைஞ்சேன்?" கொஞ்ச நேரம் கழிச்சு அதுவே சீட்டுல இருந்த தன் பேரைக் கிழிச்சுட்டு சடையை நீட்டுச்சு. "இப்ப அனுப்பிருங்க."

அது போனப்புறம் அக்கா டை அம்மாவோட தலையைப் பாத்துக்கிட்டே பேசினாங்க. "இது மாதிரி நோய் வந்தவங்களே சில பேரு, சிகிச்சை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வந்து வெட்டிக்குவாங்க. எப்படியும் கொட்டப்போறது, யாருக்காவது ஆகட்டும்னு தைரியமாக் குடுத்துருவாங்க. ரெண்டு வாரம் போனா மனசு கேக்காது, வந்து நிப்பாங்க. முத வருஷம் ஒருத்தி வந்து கேட்டா, என்கிட்ட இல்ல. அவ அப்படியே திரும்பிப் போயிட்டா. அதுலேர்ந்து அவங்க வாயால சொல்ற வரைக்கும் நான் அனுப்பறதில்ல. முந்தின மாசத்து ரெண்டும் போன வாரம்தான் போச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா."

"பேரு எழுதாம எது யாரோடதுன்னு நான் எப்படிக் கண்டுபுடிக்க? உன் ரூலு. சொன்னா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டா. அது அவளுக்கே தெரியும். அச்சகத்துக்கு அனுப்புற தாளை எடுத்து, அங்கயே கண்ணாடி முன்னாடி வச்சு அக்கா பேரை எழுதினா. 'எந்தச் சேவைக்காக'ங்கிற எடத்துல மட்டும் ரொம்ப நேரம் பேனாவைக் கடிச்சுட்டு, 'முடியைப் பத்திரமாக வைத்திருந்ததற்கு'ன்னு எழுதி போட்டோ எடுத்து அனுப்பினா.

அடுத்த நிமிஷமே அச்சகத்துலேர்ந்து போன். "மேடம், முடி வெட்டினதுக்குன்னு தானே வரணும்?"

"எழுதினதை அப்படியே போடுங்க."

கிளம்பி வாசப்படி தாண்டுறதுக்குள்ள அக்கா கூப்பிட்டாங்க. "செயலாளரம்மா, பையைத் தொறந்து காட்டிட்டுப் போங்க."

சிரிக்காமத்தான் சொன்னாங்க. புலி திரும்பி வந்து, ஜிப்பை முழுசாத் தொறந்து காட்டினா.