வரிசை எண் முப்பத்தேழு

எங்கள் பேரூராட்சியின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஓர் இடத்தில் நிற்காது. அதற்கு ஆறு கால்கள். காலையில் தபால் நிலையத்தின் அருகே இருந்தால், பதினோரு மணிக்கு மாட்டுச் சந்தையில் இருக்கும். நடக்கும்போது அவசரம் காட்டாது. ஆனால் நின்றதுமே எதையோ மறந்துவிட்டதுபோல் மறுபடி கிளம்பிவிடும். பெண்கள் குடங்களோடு பின்னால் போவார்கள்.

"எந்தப் பக்கம் போச்சுக்கா?"

"இப்பத்தான் ரேஷன் கடையைத் தாண்டுச்சு. ஓடு. பிடிச்சா எனக்கும் ரெண்டு குடம்."

நான் அப்போது பி.எட். இரண்டாம் ஆண்டு. நாற்பது நாள் கற்பித்தல் பயிற்சிக்கு ஊர் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆ பிரிவைத் தந்திருந்தார்கள். பாடம் நடத்துவதோடு, பிள்ளைகளைக் கொண்டு ஒரு சமூகப் பணியும் செய்து, தேர்வாளரிடம் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் அந்த ஆண்டை மறுபடி படிக்க வேண்டும். நான் ஏற்கெனவே ஒருமுறை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். மரக்கன்று நடும் இடங்களையெல்லாம் முந்தைய பயிற்சி ஆசிரியைகள் நட்டு முடித்துவிட்டார்கள். பதிவேட்டின் முதல் பக்கத்தில், "பணி: தொட்டியை நிற்கவைத்தல்" என்று எழுதினேன்.

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக ஒவ்வொரு வீட்டிலும் சம்மதக் கையெழுத்து வாங்கினேன். சிலர் ஸ்டாம்ப் பேடில் இடது பெருவிரலை ஒற்றிக் கைநாட்டு வைத்தார்கள். மொத்தம் முப்பத்தாறு பிள்ளைகள். காலுக்கு ஆறு பேர். மீதி வராதது எனக்குத் தைரியமாக இருந்தது.

முதல் நாள் ஒவ்வொரு காலையும் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டோம். தொட்டி கோட்டை மிதிக்காமல் ஒவ்வொரு காலாகத் தூக்கி வெளியே வைத்துவிட்டுப் போனது. இரண்டாம் நாள் பிள்ளைகள் கால்களைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களையும் சுமந்துகொண்டு நூலகம் வரை போய்வந்தது. பூவிழியின் ஒரு செருப்பு இன்னும் நூலகத்தில் இருக்கிறது. மூன்றாம் நாள் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தோம். பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை கேட்டது. பதின்மூன்றில் நாங்கள் தடுமாறியதும் போய்விட்டது.

இப்படியே முப்பத்தெட்டாம் நாள் வந்தது. உட்கார்ந்தால் என் கால் தானாக ஆடத் தொடங்கியிருந்தது. கரும்பலகையில் ஒரு வரி எழுதினால், வரி முடிந்த பிறகும் நடந்து கதவு வரை போய்விடுவேன்.

"டீச்சர், நீங்களும் அது மாதிரியே ஆயிட்டீங்க," என்றாள் மெஹருன்னிசா. அவள் நான்காவது காலின் தலைவி. "அது எப்படி நிக்கும்? அதை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தானே?"

சரி என்று பட்டது. வருகைப் பதிவேட்டைத் திறந்து, கடைசிப் பெயருக்குக் கீழே முப்பத்தேழு என்று எண் போட்டு, "தொட்டி" என்று எழுதினேன்.

மறுநாள் காலை ஒன்பது இருபதுக்கு அது மைதானத்தில் கொடிக்கம்பத்தின் பக்கத்தில் நின்றது. ஜன்னல் வழியாக "முப்பத்தேழு" என்றேன். உள்ளே தண்ணீர் ஒருமுறை தளும்பியது. வந்ததாகக் குறித்தேன். இடைவேளையில் கொஞ்சம் உலாத்தியது. மணி அடித்ததும் திரும்பி வந்து நின்றது. சாயங்காலம் நான்கு பத்துக்கு நீண்ட மணி அடித்தபோது, மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் வாசலைத் தாண்டிவிட்டது.

அதற்கு மறுநாள் புதன்கிழமை, பயிற்சியின் கடைசி நாள். தேர்வாளர் தணிகாசலம் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்றே முக்காலுக்குப் போன் செய்தார்.

"பஸ் நின்னு போச்சும்மா. எப்படியும் வந்துடுவேன். நான் வரும்போது அது நிக்கணும். நின்னுச்சுன்னு நீ சொன்னா செல்லாது."

எங்கள் பள்ளியில் மணி என்பது வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அந்த வாரம் மணி அடிக்கும் முறை ஏழு ஆ பிரிவுக்கு. நான்கு ஒன்பதுக்கு மெஹருன்னிசா சுத்தியலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

மணி அடிக்காததால் நான்கு பத்து ஆகவில்லை. வெயில் சைக்கிள் கொட்டகையின் கூரைமேல் அப்படியே இருந்தது. வாசலுக்கு வந்த பெற்றோர் வாசலிலேயே நின்றார்கள். பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். எழுபத்திரண்டு கால்களும் ஆடின. மைதானத்தில் தொட்டி கால்மாற்றி நின்றது. அது கால்மாற்றும்போதெல்லாம் என் மேசையிலிருந்த ஸ்டாம்ப் பேட் ஒரு விரற்கடை நகர்ந்தது. அது விளிம்புக்கு வரும். நான் மறுபடி நடுவில் வைப்பேன்.

"டீச்சர், பசிக்குது."

"நாலு ஒன்பதுக்குப் பசிக்காது, ஆரோக்கியநாதா."

"நேத்திலேருந்து நாலு ஒன்பது, டீச்சர்."

தேர்வாளர் வந்த வழியிலுள்ள ஊர்களில் மணி அடித்துக்கொண்டிருந்ததால் அவர் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தார். எங்களுக்கு இன்னும் புதன்தான். அவர் மைதானத்துக்குப் போய் ஆறு கால்களையும் எண்ணினார். பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். பேனா மூடியைத் திறந்தவர், வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார்.

"பிள்ளைங்க முப்பத்தேழு. பெற்றோர் சம்மதம் முப்பத்தாறுதானே இருக்கு?"

"முப்பத்தேழு தொட்டிங்க சார்."

"பேர் எழுதியாச்சுன்னா பிள்ளைதான். பிள்ளைன்னா பெத்தவங்க இருப்பாங்க." அவர் பேனாவை மூடினார். "காலையில ஒன்பதரை பஸ்ஸுக்குப் போறேன். அதுக்குள்ள காட்டு, போட்டுடறேன்."

பெற்றவர்களைக் கூட்டிவர அது வீட்டுக்குப் போயாக வேண்டும். இழுப்பறையைத் திறந்து சுத்தியலை மெஹருன்னிசாவிடம் கொடுத்தேன். அவள் அடித்தாள். தொட்டி போய்விட்டது. பெற்றோர் உள்ளே வந்தார்கள்.

"இவ்வளவு நேரமா பிள்ளையைப் பிடிச்சு வெப்பாங்க?" என்றார் பூவிழியின் அம்மா. "ஏற்கெனவே ஒரு செருப்போட நடக்குறா."

"நாலு பத்துக்கு விட்டுட்டேன்கா," என்றேன். மணி நான்கு பத்துதான்.

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

மறுநாள் காலை எட்டரைக்கே பள்ளிக்கு வந்து, வேப்பமரத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். தேர்வாளர் பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணி ஆனது. பிள்ளைகள் வந்தார்கள். ஒன்பது பத்துக்கு மைதானம் அதிர்ந்தது. முப்பத்தேழு வந்தது. அதன் பின்னால் பக்கத்து நகராட்சியின் பெரிய தொட்டி வந்தது. அதற்குப் பன்னிரண்டு கால்கள். வேகமாக நடந்து வந்ததில் விளிம்பெல்லாம் தண்ணீர் வழிந்தது. அது எனக்கும் முப்பத்தேழுக்கும் நடுவில் வந்து நின்றது.

"நேத்து நேரமாயிடுச்சு. தப்பு என்மேலதான்," என்றேன்.

தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை அது அசையவில்லை. பிறகு கொஞ்சம் விலகி நின்றது. சம்மதப் படிவத்தையும் பேனாவையும் நீட்டினேன். பேனாவை வாங்கவில்லை.

"கைநாட்டு போலிருக்கு, டீச்சர்," என்றாள் மெஹருன்னிசா. ஓடிப்போய் ஸ்டாம்ப் பேடை எடுத்துவந்து, திறந்து தரையில் வைத்தாள். நான் படிவத்தை அதன் பக்கத்தில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தேன். தேர்வாளர் பேனா மூடியைக் கழற்றினார்.

பெரிய தொட்டி ஒரு காலைத் தூக்கியது. யோசித்து இறக்கியது. அடுத்த காலைத் தூக்கியது. அதையும் இறக்கிவிட்டு, என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது.

"இடது பக்கம்," என்றேன். "முதல் கால்."