கையை விடாத கொக்கி

ஜன்னலுக்கு மேலே குளவி கூடு கட்டியிருந்தது. அத்தான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், துடைப்பத்தால் அதைத் தட்டிவிடப் போய், இடது கையில் நாலைந்து கொட்டு வாங்கிக்கொண்டு நாற்காலியிலிருந்து குதித்தார். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் என் தையல் மெஷினும்தான்.

"குளவிகிட்டயே வம்புக்குப் போற ஆளு நீங்கதான் அத்தான்" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பத்து நிமிஷத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கை மணிக்கட்டு தாண்டி வீங்கி, வாட்சின் ஸ்டீல் பட்டை சதைக்குள் புதைந்துகொண்டிருந்தது.

"கழட்டுங்க அதை!"

"கொக்கி சிக்கிக்கிச்சும்மா. ஒரு வாரமாவே மக்கர். தூங்குறதும் குளிக்கிறதும் இதோடதான்."

"ஒரு வாரமாவா? கடையில குடுக்கக் கூடாதா?"

"நாளைக்கு, நாளைக்குன்னு..." மீதியை வலி விழுங்கிவிட்டது.

கொக்கியின் இரண்டு பக்கப் பொத்தானையும் அமுக்கினேன். ஒன்று உள்ளே போனது, மற்றது அசையவேயில்லை. மெஷின் எண்ணெய் விட்டேன். கத்தரிக்கோல் முனையால் நெம்பினேன். வழுக்கி அவர் தோலைக் கீறியதுதான் மிச்சம். விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்தது.

"விரல் மரத்துப்போச்சு" என்றார். அவர் குரலில் அப்படியொரு பயத்தை நான் கேட்டதே இல்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். வர அரை மணியாகும் என்றார்கள். அதுவரை அந்த விரல்கள் தாங்குமா?

மூச்சை இழுத்துவிட்டு வாட்சைத் திருப்பிப் பார்த்தேன். ஜிப் சிக்கினால் நான் ஜிப்போடு மல்லுக்கட்ட மாட்டேன்; தையலைப் பிரித்துவிடுவேன். இந்தக் கொக்கியோடு மட்டும் எதற்கு மாரடிக்க வேண்டும்? பட்டை வாட்சோடு சேரும் இடத்தில், பக்கவாட்டில் ஒரு பொடித் துளை. பட்டையைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் குச்சியின் முனை அதற்குள் தெரிந்தது.

தடித்த ஊசியை எடுத்து அந்தத் துளைக்குள் விட்டேன். "அசையாதீங்க அத்தான்."

அமுக்கினேன். வழுக்கியது. மறுபடி. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். மூன்றாவது தடவை 'டக்'கென்றது. பட்டை தெறித்து விலகியது. அதன் கண்ணி ஒவ்வொன்றின் தடமும் சதையில் பதிந்திருந்தது.

நீலம் மெதுவாகச் சிவப்பானது. அத்தான் ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். சுண்டுவிரல் மட்டும் அடம்பிடித்து, கடைசியில் மடங்கியது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துச் சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். அக்கா வந்தாள். கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். நாங்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.